ரெசினுக்குள்ள போன ஃபாரம்

...இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு உங்க செட்டு மொத்தமும் ஒரே ஹால்ல கூடியிருக்கீங்க. காலைலேர்ந்து பாக்கறேன்... வரிசையா நின்னு போட்டோ எடுக்கறீங்க, காலரைச் சரி பண்றீங்க, மறுபடியும் போட்டோ எடுக்கறீங்க. எனக்கு எங்க தெருவுல நடந்த ஒண்ணு ஞாபகம் வந்துருச்சு. சின்னக் கதைதான். சொல்லிப்போட்டு உங்களைச் சாப்பிட விட்டுடறேன்.

எங்க தெருவுல பூங்கோதைன்னு ஒரு அம்மா. ரெசின் வேலை பண்றாங்க. ரெசின் தெரியுமில்ல... ரெண்டு திரவத்தைக் கலந்து அச்சுல ஊத்தி, உள்ள பூவோ போட்டோவோ வெச்சுட்டா, ஒரு நாள்ல கண்ணாடியாட்டம் இறுகிப்போகும். மூணு வருஷமா அடுத்தவங்க கல்யாண மாலை, அடுத்தவங்க குழந்தையோட மொத முடி, இதையே போட்டுப் போட்டுக் குடுத்த கை. முதல் தடவையா கோயமுத்தூர் கண்காட்சியில தன் பேருல, தன்னோட சொந்த ஞாபகத்தை வெக்கப் போறாங்க. அந்தம்மாவுக்கு அது எத்தனை பெருசு, நினைச்சுப் பாருங்க.

என்ன ஞாபகம்? முதல் நாள், முதல் காட்சி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு பெரிய நட்சத்திரத்தோட படம்... யாருன்னு சொல்ல மாட்டேன், சொன்னா இந்த ஹால் ரெண்டா உடைஞ்சுரும். ஹீரோ திரைல வர்றார். பால்கனிலேர்ந்து ஒருத்தர் காகிதத்தைக் கிழிச்சு வீசறார். அத்தனையும் கீழ உக்காந்திருந்த பூங்கோதை தலைல. அந்தம்மா அண்ணாந்து ஒரு முறை முறைச்சாங்க பாருங்க... அடுத்த தையில கல்யாணம். வீசினவர் பேரு ரங்கராஜு. இப்ப கணக்கு வாத்தியார். சிரிக்கவே மாட்டார். அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே பசங்க சட்டையை உள்ள விட்டுக்குவாங்க.

பூங்கோதை பெரிய தட்டு ஒண்ணு வார்த்தாங்க. உள்ள ஹீரோ படத்தைக் கட்-அவுட்டாட்டம் வெட்டி வெச்சு, பக்கத்துல பாதி டிக்கெட்டு, அன்னிக்குத் தலைல விழுந்ததுல பவுடர் டப்பாவுல எடுத்து வெச்சிருந்த நாலே நாலு காகிதத் துண்டு. இடுக்கியால நேரா நிமிர்த்தி நிமிர்த்தி... ஒரு குமிழி கிடையாது. கீழ சிந்தாம இருக்கப் பழைய பேப்பர் விரிச்சிருக்கு. அது மேலயே, கண்காட்சிக்கு நிரப்பின ஃபாரம். போட்டோ ஒட்டி, சீல் வெச்சு, நம்பர் போட்டது. ஒரு ஆளுக்கு ஒரே ஃபாரம். மறுநாள் சாயங்காலம் கடைசி.

"ஏனுங்க, பல்லி கில்லி விழுந்துடாமப் பாத்துக்குங்க. நான் கை கழுவிட்டு வந்துடறேன்."

வாத்தியார் தனியா நிக்கறார். ஃபோன்ல அந்தப் படத்தோட பாட்டா ஓடுது. ஓடி... ஓடி... ஹீரோ வர்ற மியூசிக் வந்துருச்சு. குனிஞ்சு பாக்கறார். பளபளன்னு தலைவர். இப்ப நீங்களே சொல்லுங்க, அந்தக் கை சும்மா இருக்குமா? வாயில விசில். கைக்குக் கிடைச்ச பேப்பரை எடுத்து, சர்ரு சர்ருன்னு கிழிச்சு... வீசிட்டார். அத்தனையும் ஈர ரெசின் மேல.

பூங்கோதை வந்தாங்க. பாத்தாங்க.

"என்னங்க பண்ணிப்போட்டீங்க?"

"பழைய பேப்பருன்னு நினைச்சேன் புள்ள..."

"பழைய பேப்பர்ல என் போட்டோ இருக்குமாங்க?"

அப்பத்தான் வாத்தியார் கவனிக்கறார். பொண்டாட்டியோட பாஸ்போர்ட் போட்டோ பாதியாக் கிழிஞ்சு, ஒத்தைக் கண்ணோட ஹீரோ தோள்ல சாஞ்சு கிடக்குது. எடுக்கவும் முடியாது. ரெசின் இறுக ஆரம்பிச்சாச்சு, ஒண்ணை இழுத்தா எல்லாம் கூடவே வந்துரும். அந்தம்மா உக்காந்து அழுதுட்டாங்க. மூணு வருஷக் கனவுங்க, யாருக்குத்தான் அழுகை வராது? வாத்தியார் பரீட்சையில தோத்த பையன் மாதிரி மூலையில நிக்கறார்.

அழுதுக்கிட்டே தட்டைப் பாத்தவங்க... மெதுவா சிரிக்க ஆரம்பிச்சாங்க. "ஏனுங்க, அன்னிக்கும் இப்படித்தான் கண்ட பக்கமும் விழுந்துச்சு. நான்தான் நாலு துண்டை நேரா அடுக்கிட்டு இருந்திருக்கேன்." எந்திரிச்சு, மேல இன்னொரு ஊத்து ஊத்தி மூடிட்டாங்க.

மறுநாள் கண்காட்சி வாசல். மேசையில ஒரு மேடம்.

"ஃபாரம் எங்கம்மா?"

"உள்ள இருக்குதுங்க மேடம்."

மேடம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சாங்க. "சீல் இருக்கு... கையெழுத்து இருக்கு... நம்பரைக் காணோமே?"

வாத்தியார் பின்னாடி நின்னு, கணக்குக்கு விடை சொல்ற குரல்ல, "ஹீரோ ஷூவுக்குக் கீழ பாருங்க மேடம்."

மேடம் பாத்தாங்க. சிரிச்சு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, மறுபடி சிரிச்சு, நம்பரை எழுதிக்கிட்டாங்க. "உள்ள கொண்டு போங்க."

பரிசு கிடைச்சுதான்னு கேக்காதீங்க. கிடைக்கலை. ஆனா அந்தத் தட்டு முன்னாடி வந்து நின்னவங்க எல்லாம் விசில் அடிச்சாங்க, வாட்ச்மேன் வந்து திட்டற அளவுக்கு.

எதுக்கு இதைச் சொல்றேன்? பழசை அடுக்கி வெக்கறது நல்லதுதான். பூங்கோதை அடுக்கினாங்க, அழகாவும் இருந்துச்சு. ஆனா அந்த நாள் திரும்பி வந்தது எப்போ? அந்த மனுஷன் கையில அது இன்னும் மிச்சம் இருந்ததாலதானே? உங்க கையிலயும் மிச்சம் இருக்கு. பெஞ்சுல தாளம் போட்ட கை, கடைசி வரிசைல ராக்கெட்டு விட்ட கை. அந்தக் கையைத்தான் காலைலேர்ந்து போட்டோவுக்காகக் கட்டி வெச்சிருக்கீங்க.

இதோ, இது என் பேச்சுக் குறிப்பு. இன்னும் மூணு பக்கம் பாக்கி இருக்கு. அறிவுரைதான், பூரா.

கடைசி வரிசைல யாராவது ஒருத்தர் விசில் அடிங்க... நான் கிழிக்கறேன்.