மாலையும் மைக்கும்

பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் மினிபஸ். எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் பூமாலை. மற்றவள் கேட்ட கேள்வியில்தான் என் காது அங்கே போனது.

"இயக்கத்திலை என்னைத் தொட்ட எங்கடை பொறுப்பாளர் உன்னை ஏன் தொடேல்லை எண்டு தெரியுமோ? உன்ரை அப்பா பள்ளிக்கூட அதிபர். என்ரை அப்பா கடலுக்குப் போறவர்."

மாலைக்காரி யன்னலைப் பார்த்தாள். "நான் அப்பவே உனக்காகக் கதைச்சிருக்க வேணும்."

"நான் கதைச்சனான். என்னைச் சமையலுக்கு மாத்தினவை. அவர் பெண் விடுதலை வகுப்பைத் தொடர்ந்து எடுத்தவர்."

"இண்டைக்கு மகளிர் தினக் கூட்டத்துக்கும் அவர்தான் தலைமை. என்னை அவருக்கு மாலை போட்டுப் பேசச் சொல்லியிருக்கினம்."

"தெரியும். நான் அங்கை தேத்தண்ணி குடுக்க வாறன். எனக்கு மைக் தரமாட்டினம். உனக்குத் தருவினம். இப்ப நீ கதை."