அகலப் பாதையும் கொல்லைக் கதவும்

— "அம்மா, கோயிலுக்குப் போற பாதை ஏன் ஒல்லியா இருக்கு? நம்ம விடுதிக்கு வர்ற பாதை மட்டும் ஏன் இவ்ளோ குண்டா இருக்கு?"ன்னு என் மக ஃபெம் அன்னிக்குக் கேட்டா, லூபெர்ட் தம்பி. உன் சன்னல்ல காய வெச்சிருந்த படத்தைப் பார்த்துத்தான் கேட்டா. வரைஞ்சவன் நீ, பதில் சொல்லு.

— பீப்பாய் வண்டி போற பாதை, ஆல்ட்யேக்கா. ஒல்லியா இருந்தா உங்க பீரெல்லாம் கால்வாய்க்குப் போயிடும்.

— சிரிக்காதே. அகலப் பாதை நரகத்துக்கு, ஒடுக்கமான பாதை மோட்சத்துக்குன்னு நம்ம ஹார்லெம் ஊர்ல பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை பிரசங்கம் முடிஞ்சதும் கோயில் மூப்பர் வீட்ல சபையே கூடி இந்தப் படத்தைப் பார்க்கப் போகுது. அப்புறம் எவன் என் வாசப்படி மிதிப்பான்?

— மூப்பர் கேட்டதே அதுதான்க்கா. ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் விடுதி.

— பட்டுப்போன மரத்தை என் வாசல்ல நடச் சொன்னதும் அவர்தானா?

— நான் எங்கே நட்டேன்? மின்னல் அடிச்ச ஓக் மரம் அங்கேதானே நிக்குது.

— பட்ட மரம்னா சாவு! என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு, ரெண்டு நாளா உயில் எழுதறேன்னு உட்கார்ந்திருக்கார்.

— பாவம். மரத்துக்கும் அவருக்கும் தலை ஒண்ணு போல மொட்டையாத்தான் இருக்கு.

— வாயைப் பாரு! ஒரே ஒரு துளிர் வையேன். மறுபடி தழைக்கும்னு அர்த்தம் வரும்ல?

— துளிர் இருந்தா வெச்சிருக்க மாட்டேனா? கண்ணு பார்க்காததைக் கை வரையாதுக்கா.

— பாதையையாச்சும் ஒரு நூல் சுருக்கு.

— அதுவும் பொய்தானே.

— போடா, பிடிவாதக்காரா. இந்தா, ஹெர்ரிங் மீன். வெங்காயம் நறுக்கிப் போட்டிருக்கேன். உன் பொண்டாட்டிக்கும் குடு. நீ என் வாசல்ல எந்த மரத்தை வெச்சாலும் உனக்குப் பசிக்கும்ல? வரட்டா?

— கதவைச் சாத்திட்டுப் போங்கக்கா, காத்துல தாள் பறக்குது.

— ம், ம்.

— போயாச்சு. எங்கே அந்த மெல்லிசுப் பேனா? ஆண்டவரே, நீர் ஒருத்தர்தான் பார்க்கிறீர். போன பனிக்காலம் என் பொண்டாட்டி மார்கிரீத் காய்ச்சல்ல கிடந்தப்போ, தினம் விடியறப்போ வாசல்ல ஒரு சட்டி சூடான பால். வெச்சது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லலை. பனியில மட்டும் ஒரே ஆளோட காலடி. விடுதிக் கொல்லைக் கதவுல கிளம்பி, வயலைத் தாண்டி, கோயிலை ஒட்டின என் வீட்டு வாசல் வரைக்கும். அதை என் கண்ணால பார்த்தேனே! இதோ, அந்தக் காலடித் தடத்தையும் வரைஞ்சுட்டேன்... இந்தப் படத்துல இதைவிட ஒடுக்கமான பாதை கிடையாது.