கணினி கழித்த ஓரம்

அலையின் ஓசை ஒருபோதும் அடங்காத இந்த முல்லைத்தீவு மண்ணிலே, தலைக்காயம் பட்டோரும் அவர்தம் குடும்பத்தாரும் கூடிப் பேசுவதற்கென எழுந்திருக்கும் இந்த மண்டபத்தின் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய வீரகத்தி ஐயா அவர்களே! என் பணிக்குப் பொறுப்பாய் நிற்கும் வைத்தியர் ஜெயரூபி அவர்களே! கடலோடு போராடிக் கரையில் இளைப்பாறும் தந்தையரே! செட்டிகுளத்திலிருந்து காலையிலேயே பேருந்தேறி வந்த தாய்மாரே! கதிரை கிடைக்காமல் கதவோரம் நிற்கும் சகோதரரே! உங்கள் அனைவருக்கும் சுதாஜினியின் பணிவான வணக்கம்.

கணினியும் மூளையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பெரிய பொருள், எனக்கோ சிறிய குரல். ஆகையால் ஒரே ஒரு மூளையைப் பற்றி மட்டும் பேச அனுமதி தாருங்கள். அந்த மூளைக்குரியவரின் சம்மதத்தோடுதான் பேசுகிறேன்.

கிளிநொச்சி என் ஊர். ஓமந்தையில் வாடகை அறை. வவுனியாவில் வேலை. தலைக்காயம் பற்றிய ஓர் ஆய்வுக்காக எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படங்கள் என்னிடம் வரும். முதலில் ஒரு மென்பொருள் அவற்றைக் கையேற்கும். படத்திலிருந்து மண்டையோட்டை நீக்கும். மூளையைச் சுற்றி மெல்லிய கோடு போடும். எந்தப் பகுதி எவ்வளவு என்று அளந்து சொல்லும். மனிதர் செய்தால் வாரக்கணக்கில் இழுபடும் வேலையை மளமளவென்று முடிக்கும். ஆனால் பிழையும் விடும். கண்ணை மூளையென்று சேர்க்கும்; மூளையைத் தோலென்று தள்ளும். படத்தை மெல்லிய படலம் படலமாகத் திறந்து, அந்தப் பிழைகளைத் தேடிக் கையால் திருத்துவதே என் தொழில்.

அது எப்படிப்பட்ட தொழில் தெரியுமா? பேச்சே இல்லாத தொழில். ஓர் அறை, ஒரு திரை, ஒரு மின்விசிறி. என்னிடம் வரும் தலைகளுக்கு இலக்கம் உண்டு, பெயர் இல்லை. ஒவ்வொரு மடிப்பையும் அறிவேன், முகத்தை அறியேன். சில நாட்களில், வேலை முடிந்து பேருந்தில் ஏறி, நடத்துநரிடம் "ஓமந்தை" என்று சொல்லும்போதுதான், அன்று நான் பேசிய முதற்சொல் அதுவென்று எனக்கு உறைக்கும்.

பின்னால் இருப்போருக்குக் கேட்கிறதா? கையைத் தூக்குகிறீர்கள், நல்லது.

ஒருநாள் ஒரு படம் வந்தது. இடது காதுக்கு மேலே மண்டையோட்டில் ஒரு துண்டு இல்லை. போர்க்காலத்தில் செல் என்னும் எறிகணை பட்ட காயம். உலோகத்தை அந்தக் காலத்திலேயே அகற்றிவிட்டார்கள். உடைந்த எலும்புக்குப் பதில் எதையும் வைக்கவில்லை. மென்பொருளுக்கோ முழு மண்டையோடுதான் பழக்கம். இருக்க வேண்டிய எலும்பைக் காணாமல் தடுமாறி, அதன் கீழே கிடந்த மூளையின் ஓரத்தையும் தோலோடு சேர்த்துக் கழித்துவிட்டது. எந்த ஓரம் அது? பேச்சுக்குத் துணைநிற்கும் ஓரம்!

அங்கே மூளை மிச்சமில்லை என்றது அளவு. அந்த மனிதருக்கு அப்போது பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பயிற்றுவிப்பவர் ஒருவர், காத்திருப்போர் பலர். பேசுவதற்கான பகுதியே போய்விட்டதென்றால், அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாமே என்ற யோசனை எழுந்தது. யாரைக் குறை சொல்வது? அளவை நம்பினார்கள்.

நான் மூலப்படத்தைத் திறந்தேன். கழிக்கப்பட்ட இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மடிப்புத் தெரிந்தது. வைத்தியர் ஜெயரூபியை அழைத்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மூளைதான் என்றார். எது தழும்பு, எது மூளை என்று பிரித்துக் காட்டினார். எழும்பிப் போகுமுன், நான் வரையப்போகும் கோட்டைப் பற்றி ஒன்று சொன்னார்:

"தெரியிறதை மட்டும் கீறும், சுதாஜினி. இருக்க வேணும் எண்டு நாங்கள் ஆசைப்படுறதைக் கீறிப்போடாதையும்."

ஆசை இருந்தது, பெரியோர்களே! அந்தத் தழும்பையும் மூளையாக்கிவிட என் கை துடித்தது. ஆனால் இல்லாததை இல்லையென்றே விட்டேன். இருந்ததை, புள்ளி புள்ளியாக, படலம் படலமாக, மீண்டும் சேர்த்தேன். மென்பொருளை மறுபடி ஓடவிட்டபோது, புதிய கோடு அந்த மடிப்பை அணைத்துக்கொண்டு போனது. ஜெயரூபி பார்த்து உறுதிசெய்தார். பயிற்சி நிற்கவில்லை.

யாரிடம் சொல்லி மகிழ்வது? திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த படத்தைத் திறந்தேன்.

சில மாதங்களின் பின் அந்த இலக்கம் என் கதவைத் தட்டியது. அப்போதுதான் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது: அல்பேர்ட். இதே கரையில் வலை வீசியவர். தன் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டாராம், வைத்தியர் அனுப்பியிருந்தார். கூடவே மனைவி அருளம்மா.

அருளம்மா அன்பே உருவானவர். அந்த அன்பின் அவசரத்தில், கணவருக்கான பதிலையெல்லாம் இவரே சொன்னார். தலையிடி உண்டா என்று கேட்டேன், இல்லையென்றார் அருளம்மா. தேநீர் ஊற்றட்டுமா என்று கேட்டேன். சீனி நிறையப் போடச் சொன்னார் அருளம்மா. அல்பேர்ட் ஐயாவின் உதடு ஒவ்வொரு முறையும் திறந்தது. சொல் வருமுன்னே மூடிக்கொண்டது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அருளம்மாவும் உங்கள் நடுவிலிருந்து சிரிக்கிறார்.

பிறகு அருளம்மா மருந்தெடுக்கப் போனார். ஐயாவும் நானும் தனித்திருந்தோம். கழிக்கப்பட்ட படத்தை முதலில் காட்டினேன். திருத்திய படத்தை அடுத்துக் காட்டினேன். அவர் விரலை அந்த மடிப்பின் அருகே கொண்டுபோனார். நான் காத்திருந்தேன். வீதியில் ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனது. அதன்பின்தான் சொல் வந்தது.

"இது... என்ர தானே?"

"ஓம் ஐயா, உங்கட தான்."

"அப்ப... ஏன் வெட்டினது?"

"இல்லையெண்டு நினைச்சிட்டுது, ஐயா."

கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமல் சொன்னார்:

"வீட்டிலயும்... அப்பிடித்தான்."

கதவடியில் மருந்துப் பையோடு அருளம்மா நின்றார். கேட்டுவிட்டார். மெல்ல வந்து அமர்ந்தார். ஊற்றிய தேநீர் தொடாமலே ஆறிக் கிடந்தது. ஏன் குடிக்கேல்லை என்று கணவரைக் கேட்டார். கேட்டுவிட்டு, என் கண்முன்னே முதன்முறையாக, வாய்பொத்தி இருந்தார்.

"சீனி... கூட" என்றார் அல்பேர்ட் ஐயா.

அருளம்மா அழவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். சீனியில்லாத தேநீரோடு திரும்பி வந்தார். ஐயா அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அதிசயம் நடந்ததா? இல்லை, தாய்மாரே. பயிற்சி தொடர்கிறது, சில சொற்கள் வருகின்றன, சில சொற்கள் வருவதேயில்லை. கரையில் பழைய தோழர்கள் கையசைத்துவிட்டுக் கடந்து போகிறார்கள். ஒரு சொல்லுக்காக நின்று காத்திருக்க எவருக்கு நேரம்? அவர் அலையைப் பார்த்தபடி தனியே இருக்கிறார். நானும் என் அறைக்குத் திரும்பினேன். அதே திரை, அதே மின்விசிறி.

கணினிக்குத் தெரியாமல் கழித்தது. தெரிந்தும் கழிக்கிறோமே நாம், அதற்கு என்ன பெயர்? இந்த வன்னியில், கூப்பிட்டால் குரல் வரச் சுணங்குகிறதென்று கூப்பிடாமலே விடப்பட்டவர் எத்தனை பேர்? வீடு நிறைய ஆளிருந்தும், கதைக்க ஓர் ஆளின்றிக் கிடப்பவர் எத்தனை பேர்? அவர்களை மீண்டும் சேர்க்க மென்பொருள் வராது, மக்களே! அருகில் ஒரு கதிரையைப் போட்டு ஒருவர் அமரவேண்டும். அமர்ந்து, பார்த்து, பொறுத்து, கேட்கவேண்டும். அதற்குத்தான் இந்த மண்டபம்! அதற்கு மட்டுந்தான் இந்த மண்டபம்!

எனக்கு அடுத்ததாக இங்கே பேசவருபவர் அல்பேர்ட் ஐயா. சிறிய உரைதான், பல வாரங்கள் பழகியிருக்கிறார். நடுவிலே நிற்கும். நீண்டநேரம் நிற்கும். முடிந்துவிட்டதென்று எண்ணிக் கைதட்டாதீர்கள். இடையிலே சொல் எடுத்துக் கொடுக்காதீர்கள். அருளம்மா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பொறுமையோடு செவிசாய்த்த உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றியும் வணக்கமும். அந்தப் பொறுமையில் மிச்சத்தை இவருக்காக வைத்திருங்கள்.

ஐயா, வாங்கோ. அவசரமில்லை, ஆறுதலாக் கதையுங்கோ.