குழல் சுவரின் கனம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்க.

பெயர் மீரா சாகிப், வயது எழுபத்தொன்று. திருத்துறைப்பூண்டியில் நாற்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவன். என் ஸ்க்ரூ கேஜில் கொசுவின் தொந்தியைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அளந்திருக்கிறேன். ஊரில் யாரும் நம்புவதில்லை. அந்தக் கொசு இப்போது உயிரோடு இல்லை, சாட்சிக்குக் கூப்பிட வழியில்லை.

கோவிந்தராசு என் பக்கத்து வயல்காரன். காட்டுப்பன்றி நெல்லை நாசமாக்குவதால் இரண்டு பேருக்கும் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. பன்றியை நான் தொட்டதில்லை. தூரத்திலிருந்து சுட்டதோடு சரி. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் நாங்களே மறுபடி மருந்து அடைப்போம். அது சட்டப்படி சரியா என்பதை நீங்கள் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மருந்து மிஞ்சினால் உள்ளே அழுத்தம் மிஞ்சும், குழல் வெடிக்கும். எவ்வளவு அழுத்தம் என்பதைக் கூடே சொல்லும். சுட்டபின் அதன் அடிப்பக்கம் மயிரிழை வீங்கியிருக்கும். அந்த மயிரிழையை அளந்து "போதும்" என்று சொல்வது நான். சுற்றுவட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருந்த ஏழு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

போன தையில் கோவிந்தராசுவின் மகள் மதிவதனி, இன்ஜினியர், சென்னையிலிருந்து ஒரு கருவி அனுப்பினாள். தபால்தலை அளவுக்கு ஒரு பட்டை. அதைக் குழலில், தோட்டா உட்காரும் இடத்துக்கு மேலே ஒட்டினால், சுடும்போது இரும்பு எவ்வளவு விரிகிறது என்று பார்த்து லேப்டாப்பில் அழுத்தத்தைக் கோடாகப் போட்டுக் காட்டும். ஏழு பேரும் அங்கே போய்விட்டார்கள். என் வீட்டுக்காரி கமருன்னிஸாவும் நோன்புக் கஞ்சித் தூக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கோவிந்தராசு அண்ணன் மெஷின் அருமையா இருக்குங்க."

"என் கேஜுக்கு என்ன குறைச்சல்?"

"மெஷின் பொய் சொல்லாதுல்ல?"

நான் சிரித்தேன். அன்றைக்குக் கஞ்சி இறங்கவில்லை.

ஆடியில் பட்டை உரிந்தது. கோவிந்தராசு அதைக் கொஞ்சம் தள்ளி ஒட்டினான். அந்த இடத்தில் குழல் சுவரின் கனம் எவ்வளவு என்று மெஷினுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டும். அளக்க என்னிடம்தான் வந்தான்.

"உன் கை சுத்தம், பாய். நீ சொல்ற நம்பரத்தான் போடுவேன்."

அளந்தேன். குறைத்துச் சொன்னேன். சுவர் மெல்லிசு என்று நம்பிய மெஷின், லேசான அழுத்தத்துக்கே இரும்பு இவ்வளவு விரிகிறது என்று கணக்குப் போட்டது. கோடு தாழ்வாக ஓடியது.

"இத்தனை நாளா பயந்து பயந்து கம்மியாப் போட்டிருக்கோம், பாய்," என்று மருந்தைக் கூட்டினான். அவன் சுட்ட கூட்டைச் சட்டைப்பையில் போட்டு வந்து அளந்தேன். வீங்கியிருந்தது. மறுநாள் இன்னும் வீங்கியிருந்தது. மூன்றாம் நாள் அவனே கேட்டான்.

"உன் கேஜ் என்ன சொல்லுது?"

"மெஷின் இருக்கறப்ப அது எதுக்குப்பா?"

"கோவிச்சுக்காதய்யா. எனக்கு எப்பவும் மொத கேஜ் நீதான்," என்று தோளில் தட்டினான்.

நாலாம் நாள் காலை எட்டு மணிக்குக் குழல் பிளந்தது. அவன் முகத்தை நீங்கள் பார்த்தீர்கள். வரப்பில் கிடந்தவனுக்கு அப்போது மூச்சு இருந்தது. நான் கூட்டைத் தேடி எடுத்தேன். சூடாக இருந்தது, சூட்டில் பித்தளை சரியான அளவு காட்டாது. ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறியதும் அளந்தேன். முந்தின நாள் நான் மனசுக்குள் போட்டுவைத்த அளவுக்கு நூல்கூடப் பிசகவில்லை. அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதுங்க, கையெழுத்துப் போடுகிறேன். கமருன்னிஸா வெளியே உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ஒன்று மட்டும் நீங்களே சொல்லிவிடுங்க, நான் சொன்னால் நம்பமாட்டாள்: மெஷினும் பொய் சொல்லும்.