பதினேழாம் எண் தகரவீட்டின் பின்னூட்டம்

ஒற்றுப்பிழையைக் கண்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புப் பார்த்தவன் நான். பஸ்ஸில் வரும்போதுகூட கடைப் பலகைகளை மனசுக்குள் திருத்திக்கொண்டே வருவேன். இதை வாக்குமூலத்தில் குணம் என்று எழுதுவீர்களோ, வியாதி என்று எழுதுவீர்களோ, உங்கள் இஷ்டம் ஐயா.

சுனாமி வந்த வருடம்தான் ஓய்வு பெற்று, சொந்த ஊரான மரக்காணத்துக்கே வந்து சேர்ந்தேன். கடலில் வீட்டைப் பறிகொடுத்த அறுபத்திரண்டு குடும்பங்களுக்கு உப்பளத்தை ஒட்டி வெளியூர்க் குழு ஒன்று தகரவீடு போட்டது. உள்ளூரில் இருந்து கவனிக்க, படித்த ஆள் வேண்டும் என்றார்கள். ஒப்புக்கொண்டேன். வெளிநாட்டுத் தமிழர்கள் படிக்கட்டும் என்று ஒரு வலைப்பதிவும் தொடங்கினேன். சித்திரை முதல் நாள் திறப்பு விழா. 'விளக்கெரியாத வீடு ஒன்றுமில்லை' என்று அன்று எழுதினேன். டொராண்டோவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பாராட்டினார்கள். மெய்ப்புப் பார்ப்பவன் பெயரைப் புத்தகத்தில் எங்கும் போடமாட்டார்கள். என் தமிழை நாலு பேர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பின்னூட்டங்கள்தான் கண்ணை உறுத்தின. பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். படிப்பவர்களுக்குச் சிரமம். ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்துக்கு மாற்றி, பிழை நீக்கி, மூலத்தை அழித்துவிட்டு, எழுதியவர் பெயரிலேயே மறுபடி போட்டேன். அந்தப் பதிவில் யார் பெயரில் வேண்டுமானாலும் போட முடியும். முதலில் ஒற்று. பிறகு வாக்கியம். பிறகு தொனி. ஒரு பக்கத்தில் பத்துக் குரல் கேட்டால் படிக்கிறவனுக்குத் தலை வலிக்கும்.

ஆடி மாதத்தில் சிவசங்கரி எழுதினாள். பதினேழாம் எண் தகரவீட்டுப் பெண், பிளஸ் டூ படிக்கிறவள். அப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. அம்மா தெய்வநாயகி உப்பளத்தில் உப்பு வாரப் போய்க்கொண்டிருந்தாள். பெண் எழுதியது இது: "எங்க ஷெட்ல தகரத்தைத் தொட்டா கரண்டு அடிக்குது. சார்கிட்ட மூணு வாட்டி சொல்லிட்டோம். மழை வந்தா யாராச்சும் செத்துடுவாங்க."

நான் அதை இப்படிச் செப்பம் செய்தேன்: "எங்கள் குடியிருப்பில் மின்வசதி உண்டு. மழைக்காலத்தில் சற்றே கவனம் தேவை என்பதை வலைப்பதிவு ஆசிரியரிடம் தெரிவித்துள்ளோம்." பொருள் கெடவில்லை என்றுதான் நினைத்தேன். என்னிடம் சொன்னது உண்மைதான்; மூன்று வாட்டி என்பது மிகை.

திருத்துவதற்கு முன்பே ஒருவர் அதைப் படித்துவிட்டிருக்கிறார். கோட்டக்குப்பத்துக்காரர், நிஜாமுதீன். சவுதியில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். "தகர ஷெட்டுக்கெல்லாம் எர்த் போட்டிருக்கா? இல்லாட்டி சொல்லுங்க. என் மச்சான் ஊர்லதான் இருக்கான், சும்மாவே வந்து போட்டுக் குடுப்பான்" என்று கேட்டிருந்தார். தமிழ்ப் பக்கத்தில் 'எர்த்' ஒரு கல் மாதிரி நின்றது. 'இவ்வீடுகளுக்கு மண்ணோடு தொடர்பு இருக்கிறதா?' என்று மாற்றினேன். டொராண்டோ அன்பர் உருகிப்போய், அலையும் மண்ணும் பற்றி நாலு வரி கவிதை எழுதினார். நிஜாமுதீன் மறுபடியும் "நான் கேட்டது கரண்டு சார்" என்று எழுதினார். கூறியது கூறல் குற்றம். அழித்துவிட்டேன்.

ஐப்பசியில் விடாத மழை. ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, தகரத்தில் கட்டியிருந்த கொடிக் கம்பியில் தெய்வநாயகி ஈரப்புடவையைப் போட்டாள். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பித் தெருமுனைகூடத் தாண்டவில்லை.

பத்தாம் நாள் காரியம் முடிந்து அவள் எழுதினாள். "எங்கம்மா கரண்டு அடிச்சு செத்துட்டாங்க. நாங்க சொன்னதை மாத்தி எழுதிட்டீங்க. நீங்கதான் சார் கொன்னுட்டீங்க."

துக்கத்தில் எழுதுகிறவர்களுக்கு நிதானம் இருக்காது. அவர்களுக்காக நாம்தான் நிதானப்பட வேண்டும். 'என் அன்னையார் இயற்கை எய்தினார். துயரில் உடன் நின்ற ஆசிரியருக்கு நன்றி' என்று போட்டேன். நாற்பத்து மூன்று பேர் அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். அதில் பிழையே இல்லாமல் இருந்தது ஆறு.

தை மாதம் விடுமுறைக்கு வந்த நிஜாமுதீன், அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "நான் கேட்டது ஒரு கம்பி சார். நீங்க என்ன, கவிதை போட்டு வச்சிருக்கீங்க" என்றார். எர்த் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்றேன்.

அது பொய் ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். திறப்பு விழாவுக்கு முந்தின நாளே ஒயரிங் வேலை பார்த்த மரியதாஸ் என்னை நிறுத்திவைத்துச் சொன்னான்: "எர்த் கம்பி இன்னும் வரல சார். இப்படியே லைன் குடுத்தா, எங்கியாச்சும் ஒயர் உரசுச்சின்னா தகரம் பூரா கரண்டு பாயும். ஆள் தப்பாது. நாலு நாள் தள்ளி வைங்க." விருந்தினர்கள் வருகிற நாளில் இருட்டு வீட்டைக் காட்ட முடியுமா? "குடுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அப்புறம் பார்க்கவில்லை. பார்ப்பதென்றால் அறுபத்திரண்டு வீட்டிலும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நான் எழுதிய வாக்கியம் பொய்யாகிவிடும். நல்ல வாக்கியம் அது.

சிவசங்கரி அன்று வாசற்படியிலேயே நின்றாள். அவள் பெயரில் வந்திருந்த பின்னூட்டம் இரண்டையும் காகிதத்தில் அச்செடுத்துக் காட்டினேன்.

"இது நான் எழுதல சார்."

"உன் பெயர்தானேம்மா இருக்கிறது?"

அதற்குப் பிறகு அவள் அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னாள். ஒரு சொல்லும் முழுதாக வரவில்லை. இவளுக்காக இவ்வளவு தெளிவாக எழுதிக்கொடுக்க என்னை விட்டால் யார் இருந்தார்கள் என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.