சாயங்காலமாப் போனாப் போதும்

உக்காரு, உக்காரு. மூச்சு வாங்குது பாரு. என்னா ஆட்டம்டி ஒட்டீலியா! லிஸ்பன்லேர்ந்து இன்னைக்குத்தான் வந்து எறங்குனவள்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். நேத்துவரைக்கும் இந்த மபூட்டோ ஊருத் தெருவுலயே சுத்திக்கிட்டுக் கெடந்தவ மாதிரி ஆடுற.

பீர் சொல்லவா? அட, குடி. இன்னைக்கு எல்லாம் அக்கா செலவு. சரியான நேரத்துலதான் வந்துருக்க போ. போன மாசம் வந்திருந்தீன்னா புழுக்கத்துல செத்திருப்ப. இப்பப் பாரு, மழையும் ஓஞ்சு போச்சு, வெயிலும் எறங்கிடுச்சு, கடல்லேர்ந்து எப்படிக் காத்து வருது! ஏப்ரல்ல இந்த ஊரு மாதிரி ஒரு ஊரு கெடையாதுன்னு நீதான போன்ல சொல்லிச் சொல்லி மாஞ்சு போவ.

எறால் எப்படி இருந்துச்சு? ம்? நீதான மார்க்கெட்டுல கூடை கூடையாத் தேடிப் பொறுக்குன. கரியில சுட்டு, பூண்டும் காந்தாரி மொளகாயும் தடவி, அவன் கொண்டாந்து வெச்ச வேகம் என்ன, நீ தின்ன வேகம் என்ன. தலையக்கூட விடாம உறிஞ்சுன. பக்கத்து மேசைக்காரி பாத்துச் சிரிச்சா, நீ கண்டுக்கல. அதுக்கு முன்னாடி, வண்டி ஏர்போர்ட்ட விட்டு வெளிய வர்றதுக்குள்ள, ரோட்டோரத்துல பஜியா வெச்ச ரொட்டியப் பாத்துட்டு நிறுத்து நிறுத்துன்னு கத்துன. நின்ன வாக்குலயே ரெண்டு தின்ன.

தப்புன்னு யாரு சொன்னா? ஆசையாத் தின்ன, நல்லாத் தின்ன. நான் ஒண்ணும் சொல்லலையே.

போன்லயும் நீ இப்படித்தான. எறால் நல்லா வருதாக்கா, ரயில்வே ஸ்டேஷன் தாழ்வாரத்துல இன்னும் பாட்டு வாசிக்கிறாங்களாக்கா, இங்க லிஸ்பன்ல கெடைக்கிற மட்டாப்பாக் கீரைக்கொழம்புல தேங்காப்பாலே இல்லக்கா. அம்மா பக்கத்துலதான் படுத்திருப்பா. நான் போனை ஸ்பீக்கர்ல போட்டு அவ தலமாட்டுல வெச்சிடுவேன். நீ கீரையப் பத்தியும் வேர்க்கடலையப் பத்தியும் பேசுவ, அவ கண்ண மூடிக்கிட்டுச் சிரிப்பா. எம் பொண்ணுக்கு நாக்கு மாறலடின்னுவா. அவளுக்கு அப்பக் கஞ்சித்தண்ணிதான் எறங்கிக்கிட்டு இருந்துச்சு. அதையும் பாதி துப்பிடுவா.

இல்ல, உனக்குத் தெரியாது. முதுகுல புண்ணு வந்தது தெரியுமா? தெரியாதுல்ல. ராத்திரி பகல்னு பெரட்டிப் போடணும், இல்லேன்னா அழுகிடும். ஒம் மச்சான் ஃபாப்ரீசியோ இந்த நாத்தம் தாங்கலன்னு சொல்லிட்டுப் போனவன்தான். திரும்பி வரவே இல்ல. நீ மச்சான் நல்லாருக்காரான்னு கேப்ப, நானும் நல்லாருக்காருன்னுவேன். எங்கயோ நல்லாத்தான் இருப்பான்.

அழாத. இப்ப எதுக்கு அழுவுற? கண்ணு மையெல்லாம் ஒழுகுது பாரு, தொடச்சிக்க.

கேட்டியா? ஆமா, கேட்ட. இல்லேங்கல. ஏர்போர்ட்டுல பெட்டிய எங்கிட்டக் குடுத்துக்கிட்டே, அம்மா எப்படிக்கா இருக்கான்னு கேட்ட. ஊசி போட்டிருக்கு, தூங்குறா, சாயங்காலமாப் போனாப் போதும்னேன். அப்ப உன் மொகத்துல வந்த நிம்மதி இருக்கே... எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சு. அப்டின்னா மொதல்ல மார்க்கெட்டுக்குப் போலாமான்னு கேட்ட.

இன்னொரு தடவ கேட்டீன்னா உடனே வீட்டுக்குத் திருப்பிடலாம்னுதான் இருந்தேன். சத்தியமாடி. எறால் வர்ற வரைக்கும் உன் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் அந்த மரச்சிற்பமெல்லாம் வெச்சிருக்குற கூடத்துக்குப் போணும்னு அடம் புடிச்ச. அங்க ஒரு தாய், முதுகுல புள்ளயக் கட்டிக்கிட்டு. அதப் போயித் தொட்டுப் பாத்துக்கிட்டே நின்ன. இந்தா, இப்பக் கேக்கப் போறன்னு நெனச்சேன். நீ போனை எங்கிட்டக் குடுத்து, அது பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு படம் எடுன்ன. எடுத்தேன். நல்லா வந்துருக்கு, பாத்தியா?

இரு. எழுந்திரிக்காத. இப்ப ஓடி ஒண்ணும் ஆகப்போறதில்ல. உக்காரு சொல்றேன்.

அவ தூங்கலடி.

முழிச்சுக்கிட்டுதான் இருந்தா. இன்னைக்கு நாள் தாண்டுறது கஷ்டம்னு டாக்டரு நேத்தே சொல்லிட்டாரு. விடியறதுக்கு முன்னாடியே என்னைய எழுப்பி, தலைய வாரி விடுன்னா. வாரறதுக்கு என்ன முடி இருக்கு? வாரி விட்டேன். நீலத்துணி இருக்கே, ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கட்டிக்கிட்டுப் போவாளே, அதத்தான் கட்டிவிடணும்னா. ஒட்டீலியாவ நேரா இங்க கூட்டியா, வழியில எங்கயும் நிக்காதன்னா. சரிம்மான்னுட்டு வந்தேன்.

பக்கத்து வீட்டு டோனா எலிசாதான் கூட இருந்தா. ரெண்டு மூணு தடவ போன் பண்ணிட்டா. வாசல்ல யாரு வந்தாலும் அம்மா ஒட்டீலியாவா ஒட்டீலியாவான்னு கேக்குறாளாம். எங்கடி இருக்கீங்க, சீக்கிரம் வாங்கடின்னு கத்துறா. சாப்புட்டுக்கிட்டு இருக்கோம், வந்துடுறோம்னேன். பொய் இல்லையே.

பாவியா? ம், சொல்லிக்கோ. பேயின்னு சொல்லு. எனக்கு வலிக்கும்னு நெனைக்கிறியா? அவ கடைசியா மூச்சு விட்டத நானுந்தான் பாக்கல. இத்தன வருஷமா அந்தக் கட்டில விட்டு நகராதவ, இன்னைக்குப் போயி இங்க உக்காந்திருக்கேன். நீ பாக்காம நான் மட்டும் பாத்து என்னத்தக் கிழிக்கப் போறேன்? இத்தன நாளும் நான் இருந்தேன், அவ ஒரு தடவ எம் பேரச் சொல்லிக் கூப்புட்டதில்ல. வாசலத்தான் பாப்பா.

எப்பவா? இருட்டுறப்ப. அந்தா தெரியுதே, அந்தப் பாலத்துல வெளக்கெல்லாம் போட்டாங்களே, அப்ப. எலிசாதான் போன் பண்ணிச் சொன்னா. உன்னக் கூப்பிடலாம்னுதான் எழுந்தேன். நீ கண்ண மூடிக்கிட்டு, செருப்பக் கழட்டி விட்டுட்டு ஆடிக்கிட்டு இருந்த. திரும்ப உக்காந்துட்டேன்.

சரி, கெளம்பு. மொகத்தக் கழுவிக்கிட்டு வா, வண்டி பிடிக்கிறேன். குளிப்பாட்டுறதுக்குப் பொண்ணுங்க வரணும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்களாம். நான் போதும் போதும்னு குளிப்பாட்டியாச்சுடி. இன்னைக்கு நீ பண்ணு. தண்ணிய வெதுவெதுன்னு வெச்சுக்க, முதுகுல மட்டும் அழுத்தித் தேய்க்காத.