காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தாகம் அதிகம். எங்கே போனாலும் தோளில் ஒரு பிளாஸ்க் தொங்கும். ரசாயனத் துறையில் ஈஸ்வரமூர்த்தி என்று பேரைச் சொன்னால் யோசிப்பார்கள். பிளாஸ்க்காரர் என்றால் பியூன்கூட என் அறையைக் காட்டிவிடுவான். ஆகவே நீங்கள் முதல் கேள்வியாக அதைப் பற்றிக் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், ஆறு துறைகளை ஒரே ஜீப்பில் ஏற்றுவது என்றால் என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுபத்தொன்றில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆசை வந்தது. பாலக்காட்டு முதலமடைப் பக்கத்து வறண்ட மண்ணையும், அதில் வாழும் மனிதர்களையும் எல்லாத் துறைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஆராய வேண்டும். ஒருங்கிணைப்பாளர் நான். அங்கேயே சித்தூர்ப் பக்கத்து ஆள், அந்த ஊர்ப் பேச்சு பேசுவேன் என்பதால் என் தலையில் கட்டினார்கள்.

தாவரவியல்காரர்கள் மாங்காய் சீசனில் மட்டும் வருவார்கள்; திரும்பும்போது ஜீப்பில் எங்களுக்கு உட்கார இடமிருக்காது. சமூகவியல்காரர்கள் இறங்கியதும் டீக்கடை எங்கே என்பார்கள். புள்ளியியலுக்கு எதைக் கொடுத்தாலும் போதாது, இன்னும் இரண்டு வருஷம் பார்க்கலாம் என்பார்கள். நிலவியல் அமிர்தநாதன் பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனவர், சொல்லாமல் கொள்ளாமல் தன் பேரில் தனியாக ஒரு கட்டுரை போட்டுவிட்டார். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் இவர்களை ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைக்க முடியவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அமிர்தநாதன் செய்த காரியத்துக்குப் பிறகுதான் அந்த விதியைக் கொண்டுவந்தேன். ஆறு துறையும் கையெழுத்திட்டு அறிக்கை வரும்வரை எந்தத் துறையும் வெளியில் வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

நாங்கள் எடுத்துக்கொண்ட இடம் சுள்ளிக்களம் காலனி. மாந்தோப்புகளில் கூலிவேலை செய்கிறவர்கள். அதுவரை அவர்களுக்குத் தண்ணீர் செங்கோட்டையன் தோப்புக் கிணற்றிலிருந்து. அவர்கள் கிணற்றைத் தொடக் கூடாது. தோப்பு ஆள் இறைத்து ஊற்றுவான், எட்ட நின்று குடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷம்தான் சர்க்கார் காலனிக்குள்ளேயே அடிபம்பு போட்டுக் கொடுத்தது. பம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். மாரப்பன் என்கிறவன் தன் கைக்குழந்தை குருவம்மாளுக்கு அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் புகட்டினான். "இதுக்கு ஒருத்தன் ஊத்தி ஏந்திக் குடிக்கற தலையெழுத்து இல்லீங்க சார்" என்று என்னிடம் சொன்னான்.

முதல் வாரமே பம்புத் தண்ணீரைச் சோதித்தேன். ஃபுளோரைடு உப்பு, இருக்கலாம் என்ற அளவைவிடப் பல மடங்கு இருந்தது. குழந்தையிலிருந்து குடித்தால் பல் பழுப்பாகும். பிறகு எலும்பு கெடும், முட்டி வளையும். வளைந்தது நிமிராது. செங்கோட்டையன் கிணற்றில் அந்தக் கோளாறு இல்லை.

இது புதிய செய்தியல்ல. ஆனால் எனக்குத் தெரிந்து எழுதியவர்கள் எல்லோரும் முட்டி வளைந்த பிறகு போய்ப் பார்த்தவர்கள். இங்கே பம்பும் புதிது, குழந்தைகளும் புதிது. கூப்பிடு தூரத்தில், அதே வெயிலில், நல்ல தண்ணீர் குடிக்கும் தோப்பு வீட்டுக் குழந்தைகள் ஒப்பிட்டுப் பார்க்க இருந்தார்கள். பாறையிலிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து கீரை, கீரையிலிருந்து எலும்பு. ஆறு துறைக்கும் வேலை இருந்தது. இப்படி ஓர் இடம் தேடினாலும் அமையாது. விதிப்படி வெளியில் யாரிடமும் சொல்லவில்லை; எலும்பைப் பார்க்க வேண்டிய மருத்துவத் துறை நபீஸாவுக்கு மட்டும் சொன்னேன். அவரும் விதிக்குக் கையெழுத்திட்டவர்தான்.

இப்போது பிளாஸ்க். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பார்கள். அதில் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேச்சு. மாரப்பன் மனைவி செல்லாத்தாள் ஒவ்வொரு முறையும் செம்பை நீட்டுவாள். வயிறு சரியில்லை, காய்ச்சின தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பேன். ஒருநாள் நான் போனபோது செம்பைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"காச்சி ஆற வெச்சிருக்கறனுங்க. வெள்ளைத் துணியில வடிகட்டுனேனுங்க. இதக் குடிக்கலாமுங்களே."

காய்ச்சினால் அந்த உப்பு போகாது. தண்ணீர் சுண்டினால் இன்னும் கூடும். நான் பிளாஸ்கைத் திறந்து என் தண்ணீரைக் குடித்தேன். அவள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "படிச்சென்னுங்க பண்றது, உள்ளுக்குள்ள இருக்கறது போகோணுமே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் சாதி பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கல்லூரி நாளில் விடுதிப் பந்தியில் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று சண்டை போட்டவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். இருந்தும் வாய் திறக்கவில்லை. ஆராய்ச்சிக்காக அந்தப் பழியையும் சுமந்தேன்.

நான்காவது கோடையில் பம்பு நின்றுபோனது. தோல் வாஷர் தேய்ந்துவிட்டது. பஞ்சாயத்தில் சொன்னால் எப்போது வருவார்களோ. காலனி மறுபடி தோப்புக் கிணற்றுக்குப் போனது. கொடிய வறட்சி, செங்கோட்டையனுக்கே மனம் கேட்கவில்லை. "நீங்களே எறைச்சுக்குங்க" என்று கயிற்றை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். அந்தக் கிணற்றடியில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்றார்கள்.

கோடை முழுக்க அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஒப்பிட என்ன மிஞ்சும்? அத்தனை வருஷ உழைப்பும் பாழ். நானே பாலக்காடு போய் மெக்கானிக் தாவூத்தைக் கையோடு அழைத்துவந்து வாஷர் மாற்றினேன். காலனியில் எனக்கு மாலை போட்டார்கள். மாரப்பன் காலில் விழப்போனான். எனக்கு அதெல்லாம் பிடிக்காது, தடுத்துவிட்டேன். திரும்பும் வழியில் தோப்பில் இறங்கிச் செங்கோட்டையனிடம் ஒரு வார்த்தை சொன்னேன்.

"பம்பு ஓடுதுங்க. இனி அவங்க உங்க கிணத்துக்கு வரவேண்டியதில்லை. உங்க பங்காளிங்களும் ஒண்ணும் பேசமாட்டாங்க."

"ஆமாங்க, நானும் அதையேதான் நெனைச்சிட்டிருந்தனுங்க" என்றார். அன்று மாலையே கயிறு உள்ளே போய்விட்டது. அவர் மனத்தில் இருந்ததைத்தான் நான் எடுத்துச் சொன்னேன். வேறொன்றும் செய்யவில்லை.

அதன் பிறகும் புள்ளியியல் இன்னும் ஒரு வருஷம் என்றது. சமூகவியலில் ஆள் மாறி முதலிலிருந்து தொடங்கினார்கள். அறிக்கை மட்டும் சரியான நேரத்துக்கு வந்திருந்தால் குருவம்மாளுக்கு முட்டி இவ்வளவு வளைந்திருக்காது. இதற்கு அவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பாரில்லை.

போன வருஷம் நபீஸா அந்தப் பிள்ளையின் எக்ஸ்ரேயோடு என் அறைக்கு வந்தார். "சார், இனி என்னால ஆகாது. அது ரெண்டு முட்டியும் இடிச்சுக்கிட்டு நடக்குது. அதோட காலைத் தொட்ட கையால நான் எப்படிச் சோறு திங்கறது?" என்றார். கடைசி அத்தியாயம்தான் பாக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் நேரே சுள்ளிக்களம் போய்ப் பம்படியில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மறுநாள் மாரப்பன் பம்பின் கைப்பிடியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தான். அதை என் மேஜைமேல் வைத்தான்.

"மொத நாளே தெரியுமுங்களா சார்?"

"அறிக்கை முடியட்டும்னு இருந்தோம் மாரப்பா."

"அவ காச்சிக் குடுத்தாளே சார். அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, பழையபடி தோப்புல எட்ட நின்னாவது ஏந்திட்டு வந்திருப்பமுங்களே" என்றான். என்னைத் திட்டவில்லை. கைப்பிடியை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். அதை இன்னும் யாரும் வந்து எடுக்கவில்லை. மேஜையில் பாதி இடம் போய்விட்டது.

நீங்கள் காட்டிய குற்றப்பத்திரிகையைப் படித்தேன். தண்ணீர், வாஷர், தோப்புக் கிணறு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டும். நான் சாதி பார்த்து அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மறுத்ததாகச் சமூகவியல்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது அபாண்டம். யார் வீட்டிலும் குடிப்பேன் நான். அந்தச் செம்பில் விஷம் இருந்தது எனக்குத் தெரியும், அதனால்தான் தொடவில்லை. மற்றபடி அவர்களை என் சொந்த மனிதர்களாகத்தான் நினைத்தேன்.